பனி பெய்யாத மணலி

கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் 'மணலி' என்று அடித்து வானிலை கேட்டுப் பாருங்கள். பனிப்பொழிவுக்கு வாய்ப்பு இருக்கிறது, கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லும். கேட்ட ஆள் வடசென்னை எர்ணாவூரில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருப்பார். பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற மணலியில் மழை இறங்கிவிட்டதா, பைக் எடுக்கலாமா கூடாதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

தமிழில் எழுதினால் இந்த வம்பே இல்லை. இமயமலையில் இருப்பது மனாலி, மாட்டு மந்தை என்கிற இடத்தைத் தாண்டினால் வருவது மணலி. ஆங்கில எழுத்துக்கு ஒரே ஒரு 'என்', ஒரே ஒரு 'ஏ'. குறிலும் தெரியாது, நெடிலும் தெரியாது, மூன்று சுழியும் தெரியாது. அதனால் தேனிலவு விளம்பரம் எல்லாம் நம்ம பக்கத்து ஊர் பெயரிலேயே வருகிறது. ஐந்து இரவு, ஆறு பகல், காலை உணவு சேர்த்து. எங்கள் தெருவில் புதுசாகக் கல்யாணமான ஒரு பையனை, "இன்னாடா, மணலிக்கா போற? ஷேர் ஆட்டோவுல போயிட்டு சாயங்காலம் வந்துடலாமே" என்று அவன் ஊர் திரும்பும் வரை ஓட்டினார்கள்.

எர்ணாவூருக்கு இப்படி ஓர் இரட்டை ஊர் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் போனில் ஊர் பெயர் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பாதியில் காதை மூடிக்கொண்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறார்: "எர்ணாகுளமா? கேரளாவுல எங்க சார்?" திருவொற்றியூர்க்காரர்கள் நிலைமையும் இதேதான். நகரத்தின் வடக்கே திருவொற்றியூர், தெற்கே திருவான்மியூர். இரண்டையும் இணைக்கிற மாதிரி ஒரு பேருந்தும் விட்டு, அதற்கு 1 என்று எண்ணும் கொடுத்து வைத்தார்கள். வெளியூர்க்காரர் அந்தப் பலகையைப் பார்த்தால், ஏறவேண்டியது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தலை சுற்றிப்போவார்.

இதெல்லாம் சிரிப்பதற்குச் சரி. கடிதம் போட்ட காலத்தில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஒரே பெயரில் ஊர்கள் இருந்ததும், முகவரியை ஆளுக்கொரு மொழியில் எழுதியதும் தபால் துறையைப் படாதபாடு படுத்தின. அதற்குத்தான் பின்கோடு வந்தது. தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவர் வடிவமைத்து, 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்கம். வேலங்கர் சமஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதியவர். ஊர்ப் பெயர்களை நம்பாமல் எண்களை நம்பலாம் என்று கண்டுபிடித்தவர் ஒரு கவிஞர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். மனாலி 175131. மணலி 600068. முதல் எண்ணிலேயே பிரிந்துவிடுகிறார்கள்: 1 என்றால் டெல்லி, பஞ்சாப், இமாசலம் பக்கம், 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். எங்கள் எர்ணாவூர் 600057. எர்ணாகுளமும் 6-ல்தான் தொடங்குகிறது என்பது கூடுதல் சோதனை.

சரி, இரண்டு மணலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அந்த மனாலி இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், பியாஸ் ஆற்றங்கரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனு வந்து இறங்கிய இடம் என்று பெயருக்குக் கதை சொல்கிறார்கள். பீமன் மணந்த இடும்பிக்கு அங்கே தேவதாரு காட்டுக்குள் கோயில் இருக்கிறது. ராஜா பகதூர் சிங் 1553-ல் கட்டியது. மேலே ஏறினால் 3,978 மீட்டரில் ரோதாங் கணவாய். அதைச் சுற்றிக்கொண்டு போகாமல் மலையைத் துளைத்து 9 கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டு 2020 அக்டோபரில் திறந்தார்கள். அவ்வளவு போதும். அந்த ஊருக்கு விளம்பரம் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நம்ம மணலிக்குத்தான் ஆள் இல்லை. மணலி என்றால் இன்று எல்லோருக்கும் சுத்திகரிப்பு ஆலையும், இரவில் அதன் உச்சியில் எரியும் தீயும், டேங்கர் லாரியும்தான். இந்த ஊர் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு சென்னையையே ஆட்டிவைத்த ஒரு குடும்பம் இருந்தது என்று சொன்னால் மணலிக்காரர்களே நம்புவதில்லை.

மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் 18-ஆம் நூற்றாண்டில் கோட்டையில் கவர்னர் பிகட்டுக்கு துபாஷி. துபாஷி என்றால் மொழிபெயர்ப்பாளர் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். உண்மையில் வியாபாரம், வட்டி, சிபாரிசு, பஞ்சாயத்து எல்லாம் சேர்ந்த பதவி அது. இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் அப்போது பட்டணத்துப் பெரிய கோயில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுடன் சண்டை நடந்த காலத்தில், கோட்டைக்கு எதிரே அவ்வளவு உயரமாக ஒரு கட்டடம் இருப்பது ஆபத்து என்று 1757-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை இடித்துவிட்டது. கம்பெனி கொடுத்த ஈட்டுத் தொகையோடு முத்துக்கிருஷ்ண முதலியாரின் கைப்பணமும் ஊராரின் கொடையும் சேர்ந்து 1760-களில் எழுந்தவைதான் பூக்கடைப் பக்கம் இருக்கிற சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்னமல்லீசுவரர் கோயிலும். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை ஆதரித்துக் கொண்டாடியவரும் இவரே.

இதைவிடப் பெரிய விஷயம் இனிமேல்தான். திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதரை அழைத்து வந்து மணலியில் குடிவைத்தவர்கள் இந்தக் குடும்பத்தார். கூடவே அவருடைய பிள்ளைகளும் வந்தார்கள். மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர். ஆம், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான அவரேதான். சிதம்பரநாத யோகி என்ற துறவி அவரை மணலியிலிருந்துதான் காசிக்குக் கூட்டிப்போனார். காசியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு தீட்சிதர் மறுபடி மணலிக்குத் திரும்பினார். அதற்கப்புறம்தான் திருத்தணி, முதல் கீர்த்தனை, மற்றதெல்லாம். அந்தக் குடும்பத்து முதலியார் கோட்டைக்குப் போகும்போது தீட்சிதர் சகோதரர்களையும் கூட அழைத்துப் போவாராம். அங்கே கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டுக் கேட்டு அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். இன்று பள்ளிக்கூடக் குழந்தைகள் பாடுகிற நோட்டுசுரங்கள் அவை. தம்பி பாலுசுவாமிக்கு ஓர் ஐரோப்பியரை வைத்து பிடில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்ததும் இந்த மணலிக் குடும்பம்தான். கர்நாடகக் கச்சேரியில் பாடகருக்கு இடது பக்கத்தில் வயலின்காரர் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த வழக்கத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால் அது வந்து முடிகிற இடங்களில் ஒன்று நம்ம மணலி.

டிசம்பர் சீசனில் மைலாப்பூருக்கும் மணலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பத்தியை அனுப்பிவைக்கலாம்.

பிறகு ஊர் மாறியது. 1965-ல் மத்திய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து மதராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கின. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு 1969-ல் ஆலை ஓட ஆரம்பித்தது. பின்னாலேயே உர ஆலை, ரசாயன ஆலைகள். தீட்சிதர் வீடு எங்கே இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். கேட்கிற நேரத்தில் நாலு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும், கேள்வி அதோடு சரி. 2011-ல் திருவொற்றியூரும் மணலியும் கத்திவாக்கமும் ஒன்றாகச் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. முதல் மண்டலம் திருவொற்றியூர், இரண்டாவது மணலி. வரிசை எண்ணிலாவது நமக்கு முதலிடம் கிடைத்ததே என்று மகிழ்ந்துகொள்ள வேண்டியதுதான்.

2023-ல் ஒரு விநோதம் நடந்தது. ஜூலையில் பியாஸ் ஆறு கரைபுரண்டு, மனாலியில் சாலைகளையும் கட்டடங்களையும் வண்டிகளையும் அடித்துக்கொண்டு போனது. தொலைக்காட்சியில் கீழே ஓடிய வரியைப் பார்த்துவிட்டு வெளியூர் சொந்தக்காரர்கள் எங்களுக்குப் போன் செய்து, "மணலில வெள்ளமாமே, உங்க பக்கம் எப்படி?" என்றார்கள். இங்கே கொளுத்துகிற வெயில். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இப்போது நிஜமாகவே நம்ம மணலி மூழ்கியது. வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் கலந்து கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. எர்ணாவூரில் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. மீனவர்களின் படகும் வலையும் தார் பூசியது போல ஆயின. அந்த முறை போன் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் அகில இந்தியச் செய்தியில் 'மணலி' என்று ஒரு சொல் ஓடினால் நாட்டில் பெரும்பாலோர் மனதில் வருவது பனிமலைதான். எண்ணெய் அப்பின கொக்கும் கூழைக்கடாவும் அந்தப் படத்தில் பொருந்தவில்லை.

இரண்டு ஊர்களுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை, நடுவில் ஒரு வண்டி இருக்கிறது. மனாலிக்குப் போன நம்ம பையன் அனுப்பிய புகைப்படங்களில், வாடகை பைக் கடை வாசலில் வரிசையாக நிற்பவை எல்லாம் புல்லட். மனாலியிலிருந்து லே வரைக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல் மலைச்சாலை. அதை புல்லட்டில் கடந்தால்தான் ஜென்மம் சாபல்யம் என்று நினைக்கிற ஒரு கூட்டமே நாட்டில் இருக்கிறது. இந்தியாவில் அந்த வண்டி பிறந்த ஊர் திருவொற்றியூர். மணலியிலிருந்து கிளம்பினால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடும் தூரம்.

கதை ராணுவத்திலிருந்து ஆரம்பிக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் எல்லை ரோந்துக்கு இந்திய ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 350 சிசி புல்லட் 800 வண்டிகளுக்கு ஆர்டர் போனது. 1955-ல் அதைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா என்று திருவொற்றியூரில் ஆலை போட்டன. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அந்தப் பெயர். என்ஃபீல்டு என்பது வடக்கு லண்டனில் இருக்கிற ஓர் ஊர். 1816-லிருந்து அங்கே அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1857-ல் சிப்பாய்கள் கடித்துத் திறக்க மறுத்த கொழுப்புத் தடவிய தோட்டா, என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது, அதே ஊர்தான். ஆனால் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்ஃபீல்டில் செய்யப்பட்டதே கிடையாது. அதைச் செய்தவர்கள் நூறு மைலுக்கு அப்பால் ரெடிச் என்ற ஊர்க்காரர்கள். ரெடிச் அந்தக் காலத்தில் தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். ஊசிக் கம்பெனியாகத் தொடங்கி, சைக்கிள் கம்பெனியாக மாறி, துப்பாக்கித் தொழிற்சாலைக்குச் சில நுட்பமான பாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் கிடைத்ததும், அந்தப் பெருமையில் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்று விளம்பரம் வேறு. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள், 1932-ல் புல்லட் என்ற பெயர். ரெடிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் 1970-ல் நின்றது. ஆலை இருந்த பகுதிக்கு இன்று என்ஃபீல்டு தொழிற்பேட்டை என்று பெயர். அதாவது லண்டன் ஊர் ஒன்றின் பெயர் துப்பாக்கி வழியாக ஊசிக்கார ஊருக்குப் போய், அங்கே மோட்டார் சைக்கிளாகி, அங்கிருந்து கப்பலேறி நம்ம திருவொற்றியூருக்கு வந்து, பெற்ற ஊர்களில் உற்பத்தி நின்றபிறகும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. பல வருஷங்களுக்கு அப்புறம் இங்கே செய்த வண்டியை இங்கிலாந்துக்காரர்கள் இறக்குமதி செய்து ஓட்டினார்கள்.

பக்கத்து வீட்டு மாமாவிடம் இதைச் சொன்னேன். முப்பது வருஷம் அசோக் லேலண்டில் இருந்தவர். சங்கு ஊதினால் இன்னமும் கை தானாக டிபன் பாக்ஸைத் தேடும்.

"என்ஃபீல்டுகூட பரவால்ல மாமா. லேலண்டும் ஊர்தான்" என்றேன்.

"இன்னாப்பா சொல்ற? ஊரா?"

"ஆமா. இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம்."

"நா ஏதோ வெள்ளக்காரன் பேருன்னு நெனச்சிருந்தேன். அசோக்னு ஒருத்தன், லேலண்டுனு ஒருத்தன், ரெண்டு பேரும் பார்ட்னருங்கன்னு."

பாதி சரி. அசோக் என்பது நிஜமாகவே ஆள் பெயர். ரகுநந்தன் சரண் என்பவர் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியபோது தன் மகன் அசோக்கின் பெயரை வைத்தார். எண்ணூர் ஆலையில் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார். 1950-ல் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு காமெட் லாரிகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். 1955-ல் லேலண்ட் முதலீடும் செய்தது, பெயர் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-தான் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வந்த ஆண்டு. ஒரே ஆண்டில், ஒரே சாலையில், இரண்டு இங்கிலாந்து ஊர்கள் வந்து குடியேறின.

லேலண்ட் ஊரின் கதை என்ஃபீல்டு மாதிரி சுற்றிவளைத்தது அல்ல. 1896-ல் அந்த ஊரிலேயே சம்னர், ஸ்பர்ரியர் என்ற இரண்டு குடும்பத்தார் சேர்ந்து நீராவி வண்டி செய்யும் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1907-ல் ஊர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்கள். உலகம் முழுக்க லேலண்ட் பஸ் ஓடியது. 1968-ல் பல கார் கம்பெனிகளோடு சேர்த்து பிரிட்டிஷ் லேலண்ட் என்று ராட்சத நிறுவனமாக்கினார்கள். அது ஏழே வருஷத்தில் திவாலாகும் நிலைக்கு வந்து, 1975-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1987-ல் லாரிப் பகுதி டச்சுக்காரர்களின் டாஃப் கம்பெனியோடு சேர்ந்தது. 1993-ல் அதுவும் முழுகியது. ஊர் ஆலையை மட்டும் உள்ளூர் நிர்வாகிகள் வாங்கிக் காப்பாற்றினார்கள். 1998-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. லேலண்ட் ஊரில் இன்றும் லாரி செய்கிறார்கள், நல்ல லாரிதான். ஆனால் அதன் முகப்பில் டாஃப் என்று எழுதியிருக்கும். லேலண்ட் என்று எழுதிய வண்டியை அந்த ஊரில் பார்க்க வேண்டுமானால் அங்கே இருக்கிற வணிக வாகன அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். எர்ணாவூரில் பார்க்க வேண்டுமானால் தெருமுனைக்குப் போனால் போதும். அடுத்து வருகிற மாநகரப் பேருந்தின் மூக்கில் எழுதியிருக்கும்.

1987-ல் இங்கிலாந்து லேலண்ட் வைத்திருந்த பங்குகளை இந்துஜா குழுமம் வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் ஒரு வேடிக்கை. லீட்ஸ் நகரில் 'ரோ' என்று ஒரு பழைய பஸ் பாடி கட்டும் கம்பெனி இருந்தது. லேலண்டின் கையில் இருந்த அதை 1984-ல் மூடிவிட்டார்கள். வேலையிழந்தவர்கள் சேர்ந்து அதே இடத்தில் ஆப்டேர் என்று புதுக் கம்பெனி தொடங்கினார்கள். 2010-ல் அந்த ஆப்டேரில் பங்கு வாங்கி, சீக்கிரமே பெரும்பங்குக்கு உரிமையாளரானது யார் தெரியுமா? நம்ம அசோக் லேலண்ட். மாமாவுக்கு இதைச் சொன்னபோது மட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "வெள்ளக்காரன் மூடினத நம்ம கம்பெனி தொறந்துச்சின்னு சொல்லு" என்றார். வரலாறு அவ்வளவு நேர்க்கோடு இல்லை என்றாலும் நான் திருத்தவில்லை.

இரண்டு ஊருக்கு ஒரே பெயர் என்றால் உடனே எது அசல், எது நகல் என்று கேட்கிறோம். என் கட்சி இதுதான்: எந்த ஊரில் அந்தப் பெயரை வைத்துச் சோறு சமைக்கிறார்களோ அந்த ஊரின் பெயர் அது. எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் 'லேலண்டுல இருக்காரு' என்றால் பெண் கொடுத்தார்கள், வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள், மளிகைக் கடையில் நோட்டு போட்டார்கள். லங்காஷயர் லேலண்டில் இன்று அந்தச் சொல்லுக்கு இவ்வளவு செல்வாக்கு இருக்குமா என்பது சந்தேகம்.

பெயர் இப்படி ஊர்விட்டு ஊர் வருவது எங்கள் சாலைக்குப் புதிதும் இல்லை. தண்டையார்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி என்ற ஊர். அதன் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு வடசென்னைக்கு வந்து தங்கினார், மக்கள் அவரைத் தொண்டியார் என்றார்கள், அதனால் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை என்று எல்லோரும் சொல்வார்கள். அழகான கதை. ஆனால் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் கம்பெனிக்குக் கிடைத்தது 1693-ல். மஸ்தான் சாகிபு மறைந்தது 1838-ல், நாற்பத்துச் சொச்சம் வயதில். அவர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாலேயே பேட்டை இருந்திருக்கிறது. அதற்காகக் கதையைத் தூக்கிப்போட வேண்டுமா என்ன? அவருடைய தர்கா இங்கே இருக்கிறது, பாடல்கள் இருக்கின்றன, பழைய பெயர் ஒன்று அவர்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தத் தொண்டிக்கும் ஓர் இரட்டை உண்டு. சங்க காலத்தில் சேரர்களுக்கு மேற்குக் கடற்கரையில் ஒரு தொண்டி இருந்தது. கிரேக்க மாலுமிகள் திண்டிஸ் என்று குறித்து வைத்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மிளகு வாங்க வந்த கப்பல்காரனுக்கும் 'எந்தத் தொண்டி' என்று சந்தேகம் வந்திருக்கலாம். பாவம், பின்கோடு கிடையாது.

காலடிப்பேட்டை இன்னொன்று. ஆதிசங்கரர் பிறந்த கேரளத்துக் காலடியோடு முடிச்சுப் போட நினைத்தால் கைவிட்டுவிடுங்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை நம்ம வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆனது. அவர் காலத்தில் எழுந்த வரதராசப் பெருமாள் கோயில் இன்றும் இருக்கிறது. விம்கோ நகரோ இன்னும் தமாஷ். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம் விம்கோ. சுவீடன்காரர்களின் தீப்பெட்டிக் கம்பெனி, பெயரில் மேற்கு இந்தியா, ஆலை இருந்தது கிழக்குக் கடற்கரையில். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து நீண்ட மெட்ரோ ரயில் வந்து நின்றது இந்தப் பெயரில்தான். அந்த வண்ணாரப்பேட்டைக்கும் திருநெல்வேலியில் ஓர் இரட்டை இருக்கிறது. திருநெல்வேலிக்கு? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற இடத்தின் பெயர் திருநெல்வேலி. சேலத்துக்காரர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1626-ல் உண்டான சேலத்தையும், சூனியக்காரிகள் என்று அங்கே 1692-ல் நடந்த விசாரணைகளையும் இணையத்தில் தினமும் தாண்டித்தான் தங்கள் ஊர் செய்திக்கு வரவேண்டும். திருப்பத்தூரில் ஒன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்க, இன்னொன்று 2019-ல் தனி மாவட்டமே ஆகிவிட்டது.

என்ஃபீல்டுக்கு வருகிறேன், ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. 2013-ல் ஒரகடத்தில் பெரிய ஆலை திறந்தார்கள். அடுத்து வல்லம் வடகாலில். பெரும்பகுதி உற்பத்தி அந்தப் பக்கம் போய்விட்டது. லண்டன், ரெடிச், திருவொற்றியூர் என்று வந்த பெயர் இப்போது ஒரகடத்தில் சமைக்கிறது. என் கட்சிப்படி பார்த்தால் பட்டத்தை நாங்கள் ஒரகடத்துக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான், மனசு வரவில்லை என்றாலும். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அங்கே வேலை கிடைத்தது. முதல் நாள் ஆட்டோக்காரரிடம், "அண்ணா, ஒரகடம் போகணும்" என்றிருக்கிறான்.

"எந்த ஒரகடம்பா? அம்பத்தூர் ஒரகடமா, ஸ்ரீபெரும்புதூர் ஒரகடமா? திருக்கழுக்குன்றம் பக்கம்கூட ஒண்ணு இருக்குது."